எலக்ட்ரானுக்குக் கணக்கு எழுதியவர்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படித்தவர்கள் 'வியன் விதி'யை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பொருள் சூடேறச் சூடேற, அதிலிருந்து வெளிப்படும் கதிர்வீச்சின் உச்சம் குறைந்த அலைநீளத்தை நோக்கி நகரும் என்பது அந்த விதி. கொல்லன் உலையில் இரும்பு முதலில் கருஞ்சிவப்பாகவும், பின்னர் செம்மஞ்சளாகவும், முடிவில் வெண்மையாகவும் ஒளிர்வதற்கான விளக்கம் அதில் இருக்கிறது. விண்மீன்களின் வெப்பநிலையைப் பூமியில் இருந்தபடியே நாம் மதிப்பிடுவதற்கும் அது துணைசெய்கிறது. இந்த விதியைக் கண்டறிந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் வீன். நம் பாடநூல்கள் 'வியன்' என்று எழுதினாலும், அவருடைய மொழியில் 'வீன்' என்பதே ஒலிப்பு.

இயற்பியலுக்கான 1911-ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது இந்த வெப்பக் கதிர்வீச்சு ஆய்வுக்காகத்தான். அந்த ஆய்வின் முதன்மையான பகுதிகளை அவர் 1893-க்கும் 1896-க்கும் இடையில் முடித்துவிட்டார். அதன் பிறகு வாழ்நாளின் இறுதிவரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அவர் பெரிதும் ஈடுபட்டிருந்தது வேறொரு பணியில். விரைந்து செல்லும் நேர்மின் துகள் ஒன்று வழியில் ஓர் அணுவைச் சந்திக்கிறது. அந்த அணுவின் எலக்ட்ரானை அது தன்னுடன் எடுத்துச் செல்லுமா? எலக்ட்ரானை வெளியே தட்டிவிட்டுத் தன் வழியே போகுமா? எதுவும் நேராமல் கடந்து போகுமா? இந்தக் கேள்விகளை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்து, அவற்றுக்கு எண்ணால் விடை தேடியவர்களில் முன்னோடி வீன். அவரது புகழில் இந்தப் பணிக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

1864-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள், கிழக்குப் பிரஷ்யாவில் பிஷ்ஹௌசன் ஊரை அடுத்த காஃப்கென் என்னும் இடத்தில் வீன் பிறந்தார். அந்தப் பகுதி இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் மாநிலத்தில் இருக்கிறது. தந்தை கார்ல் வீன் நிலக்கிழார். குழந்தைக்கு இரண்டு வயதானபோது குடும்பம் ராஸ்டன்பர்க் அருகிலுள்ள டிராக்கென்ஸ்டைன் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தையைப் போலவே அதிகம் பேசாத இயல்பு. வரலாற்றிலும் இலக்கியத்திலும் நல்ல தேர்ச்சி கொண்டிருந்த தாய்தான் மகனின் அறிவார்வத்தைத் தூண்டியவர்.

பள்ளியில் சிறுவன் சோபிக்கவில்லை. பாடத்தைவிட வயல்வெளியில் சுற்றுவதே அவனுக்குப் பிடித்திருந்தது. கணிதத்தில் பின்தங்கியதால் 1879-இல் பள்ளியிலிருந்து நிறுத்தி, வேளாண்மை கற்கட்டும் என்று வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். வீட்டில் ஆசிரியர் வைத்துப் படித்த பிறகு கோனிக்ஸ்பர்க் நகரப் பள்ளியில் சேர்ந்து, 1882-இல் படிப்பை முடித்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சில மாதங்களில் விலகினார். செல்வ மாணவர்களின் ஆடம்பர வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. மீண்டும் பண்ணை, மீண்டும் மனமாற்றம். பிறகு பெர்லின் சென்று, அக்காலத்து ஜெர்மன் அறிவியலின் தலைமகனாக விளங்கிய ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆய்வகத்தில் இடம் பெற்றார். உலோக விளிம்புகளில் ஒளி வளைவதை ஆராய்ந்து 1886-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவர் பல்கலைக்கழகத்தில் நீடிக்கவில்லை. தந்தையின் பண்ணையை நடத்த உதவ வேண்டிய நிலை ஏற்பட்டதால் ஊர் திரும்பி நான்கு ஆண்டுகள் உழவராகவே இருந்தார். ஓய்வு நேரத்தில் கோட்பாட்டு இயற்பியல் படித்தார். அது எந்தக் காலம் என்பதைப் பொருளியல் மாணவர்கள் அறிவார்கள். அமெரிக்கத் தானியமும் ரஷ்யத் தானியமும் ஐரோப்பியச் சந்தையில் குவிந்து விலை வீழ்ந்திருந்தது. பிஸ்மார்க் 1879-இல் இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்தும் எல்பா நதிக்குக் கிழக்கே இருந்த பண்ணைகள் தள்ளாடின. அவற்றில் ஒன்று வீன் குடும்பத்தின் பண்ணை. 1890-இல் வறட்சி வந்தது, பண்ணை விலைபோனது. நிலக்கிழாராக வாழ்ந்து முடித்திருக்க வேண்டிய 26 வயது இளைஞர், பிழைப்புக்காக பெர்லினுக்கு அடுத்த சார்லட்டன்பர்க்கில் இருந்த அரசு இயற்பியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் உதவியாளராகச் சேர்ந்தார். அந்த ஆண்டு மழை பெய்திருந்தால் இயற்பியலின் வரலாறு சிறிது வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

கதிர்வீச்சு விதிகளின் கதை பலரும் எழுதியது என்பதால் சுருக்கமாகச் சொல்லலாம். 1893-இல் இடப்பெயர்ச்சி விதி. 1895-இல், உட்குழிவான அடுப்பில் சிறு துளையிட்டால் அதுவே கரும்பொருளாகச் செயல்படும் என்று லும்மருடன் சேர்ந்து முன்வைத்த யோசனை. 1896-இல், கரும்பொருளின் கதிர்வீச்சு முழுவதையும் ஒரே சமன்பாட்டில் அடக்கும் முயற்சி. நீண்ட அலைநீளங்களில் அந்தச் சமன்பாடு பொய்த்துப்போனதை பெர்லின் ஆய்வாளர்கள் 1900-இல் காட்டினார்கள். அந்த இடைவெளியை அடைக்கப் புகுந்த மாக்ஸ் பிளாங்க், குவாண்டம் கொள்கையின் கதவைத் திறந்தார். வீன் அதற்குள் வேறு ஊரில், வேறு வேலையில் இருந்தார்.

அந்த ஊர் ஆகன். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1894-இல் மறைந்த பிறகு அரசு நிறுவனத்தில் புதிய நிர்வாகம் கொண்டுவந்த கட்டுப்பாடுகள் வீனுக்குப் பிடிக்கவில்லை. 1896-இல் ஆகன் தொழில்நுட்பக் கல்லூரியில் லெனார்ட் விட்டுச் சென்ற பதவிக்கு வந்தார். லெனார்ட் கேத்தோடு கதிர்களை ஆராய்ந்தவர். வெற்றிடக் கருவிகளையும் அங்கேயே விட்டுச் சென்றிருந்தார். ஒருவர் போட்ட மூலதனம் அடுத்தவருக்குக் கைகொடுப்பது ஆய்வுலகில் அடிக்கடி நடப்பது. அந்தக் கருவிகள் இருந்திராவிட்டால் வீன் இந்தத் துறைக்குள் நுழைந்திருப்பாரா என்பது ஐயமே. கேத்தோடு கதிர்கள் எதிர்மின்னூட்டம் கொண்ட துகள்களே என்பதை 1897-இல் அவர் உறுதிப்படுத்தினார். பிறகு அதே குழாயின் மறுபக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

மறுபக்கத்தில் இருந்தவை கால்வாய்க் கதிர்கள். 1886-இல் கோல்ட்ஸ்டைன் என்பவர் மின்னிறக்கக் குழாயின் எதிர்மின்வாயில் துளைகள் இட்டபோது, அந்தத் துளைகளின் வழியே பின்புறமாக ஒளிக்கீற்றுகள் வெளிவருவதைக் கண்டார். வாய்க்காலில் நீர் ஓடுவதுபோல் துளை வழியே வந்ததால் அந்தப் பெயர். அவை என்ன என்று பத்தாண்டுகளுக்கு மேல் யாருக்கும் விளங்கவில்லை. சாதாரணக் காந்தத்துக்கு அவை அசைந்து கொடுக்கவில்லை. ஆகவே அவற்றில் மின்னூட்டம் இருக்கிறதா என்பதே கேள்வியாக இருந்தது. வீன் மிக வலிமையான காந்தப்புலத்தையும் மின்புலத்தையும் பயன்படுத்தினார். கதிர்கள் வளைந்தன. வளைந்த திசை, அவை நேர்மின்னூட்டம் கொண்டவை என்று காட்டியது. வளைவின் அளவு, அவை எலக்ட்ரானைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கனமானவை என்று சொன்னது. மிக இலேசான துகளின் நிறை, ஹைட்ரஜன் அணுவின் நிறையை ஒத்திருந்தது.

பின்னாளில் ரூதர்போர்டு 'புரோட்டான்' என்று பெயரிட்ட துகளைத்தான் அவர் தன் குழாயில் பார்த்துக்கொண்டிருந்தார். மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் குறுக்காக வைத்து, ஒரே வேகத்தில் செல்லும் துகள்களை மட்டும் நேராகப் போகவிடும் அமைப்பு இன்றும் அவர் பெயரால் வீன் வடிகட்டி என்றே அழைக்கப்படுகிறது. அயனிக் கற்றைகளைக் கையாளும் ஆய்வகங்களில் அது அன்றாடக் கருவி. நிறை நிறமாலைமானியின் பரம்பரையும் இங்கிருந்தே தொடங்குகிறது. கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சனும், அவரைத் தொடர்ந்து ஆஸ்டனும் அதைச் செம்மைப்படுத்தி, 1913-இல் நியான் வாயுவில் இரண்டு நிறையுள்ள அணுக்கள் இருப்பதற்கான சான்றையும், 1919-க்குப் பின் பல தனிமங்களின் ஐசோடோப்புகளையும் கண்டறிந்தார்கள். பெரும்புகழ் அவர்களுக்குச் சென்றது.

ஆனால் வீனை உறுத்திய சிக்கல் வேறு. வளைக்கும் புலத்தின் வழியே சென்ற கதிர், திரையில் ஒரு புள்ளியாக விழவில்லை. ஒரு கோடாக இழுபட்டது. அதோடு ஒரு பகுதி சற்றும் வளையாமல் நேரே சென்று விழுந்தது. துகள்கள் எல்லாம் மின்னூட்டம் பெற்றவை என்றால், வளையாத பகுதி எங்கிருந்து வந்தது? இத்தகைய கறையைக் கருவியின் குறை என்று ஒதுக்கிவிடுவது எளிது. வீன் ஒதுக்கவில்லை. 1899-இல் கீசன், 1900-இல் ரோண்ட்கன் வகித்த வூர்ட்ஸ்பர்க் பேராசிரியர் பதவி என்று இடங்கள் மாறின. இந்தக் கேள்வி அவருடனேயே சென்றது.

வூர்ட்ஸ்பர்க்கில், 1908 முதல் சில ஆண்டுகள் அவர் நடத்திய சோதனைகள் எளிமையானவை. கதிரின் பாதையில் அடுத்தடுத்து இரண்டு காந்தங்களை வைத்தார். முதல் காந்தம், மின்னூட்டம் உள்ள துகள்களை எல்லாம் பக்கவாட்டில் விலக்கிவிடும். எஞ்சுபவை மின்னூட்டம் அற்றவை. இரண்டாவது காந்தத்துக்கு அங்கே வேலை இருக்கக் கூடாது. வேலை இருந்தது! நடுநிலையாகப் புறப்பட்ட துகள்களில் ஒரு பகுதி, இடைப்பட்ட தொலைவில் மீண்டும் மின்னூட்டம் பெற்று, இரண்டாவது காந்தத்தில் வளைந்தது. குழாயில் எஞ்சியிருந்த வாயுவின் அணுக்களோடு மோதும்போது, கதிர்த்துகள் ஓர் எலக்ட்ரானைப் பற்றிக்கொண்டு நடுநிலை அடைகிறது. அடுத்த மோதலில் அதை இழந்து மீண்டும் அயனியாகிறது. ஒரே துகள் தன் பயணத்தில் இந்த வேடமாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. கோடாக இழுபட்ட கறையின் பொருள் அதுதான்: பாதையில் எவ்வளவு தூரம் மின்னூட்டத்துடன் சென்றதோ அந்த அளவுக்கே ஒவ்வொரு துகளும் வளைந்தது.

நடுநிலைத் துகளை அளப்பது எப்படி? மின்னூட்டம் உள்ளதை மின்னளவி காட்டிவிடும். மின்னூட்டம் இல்லாததை அது காணாது. வீன் கதிரை வெப்ப மின்னிரட்டை அடுக்கின்மேல் விழச் செய்தார். துகள் மின்னூட்டம் பெற்றதோ அற்றதோ, மோதியதும் அதன் ஆற்றல் வெப்பமாகும். அந்த வெப்பத்தை அளந்தால் இரண்டு வகையையும் ஒரே தராசில் நிறுக்கலாம். புலத்தைப் போட்டபோதும் எடுத்தபோதும் கிடைத்த வெப்பத்தின் வேறுபாட்டிலிருந்து, எத்தனை பங்கு அயனி, எத்தனை பங்கு நடுநிலை என்று கணக்கிட்டார். அதிலிருந்து, ஒரு துகள் மின்னூட்டத்துடன் சராசரியாக எவ்வளவு தூரம் செல்கிறது, மின்னூட்டம் இன்றி எவ்வளவு தூரம் செல்கிறது என்னும் இரண்டு மோதலிடைத் தூரங்களை வருவித்தார். போதுமான தொலைவு கடந்தபின் கதிரில் இரண்டு வகைத் துகள்களின் விகிதமும் நிலைபெற்றுவிடும். அந்த விகிதம் இவ்விரண்டு தூரங்களின் விகிதத்துக்குச் சமம். வாயுவின் அழுத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது மாறாது.

இந்த இடத்தில் ஒரு பொருளியல் ஆசிரியனால் சும்மா இருக்க முடிவதில்லை. ஒரு நாட்டில் வேலையில் இருப்போரின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருக்கலாம். அதனால் யாரும் வேலை இழக்கவில்லை, யாரும் புதிதாகச் சேரவில்லை என்று பொருளாகாது. இரு திசையிலும் ஓட்டம் இருக்கிறது. இரண்டும் சமமாக இருப்பதால் மேற்பரப்பு அசையாமல் தெரிகிறது. அந்த இரண்டு ஓட்டங்களையும் தனித்தனியே பிரித்து அளப்பதுதான் கடினம். தொழிலாளர் சந்தையில் அந்தக் கணக்கை முறையாக எழுத எங்கள் துறைக்கு வெகுகாலம் பிடித்தது. வீன் அதை அணுக்களுக்கு 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே எழுதத் தொடங்கிவிட்டார்.

அவருடைய கணக்கில் ஒரு பக்கம்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாய்ந்து செல்லும் துகளுக்கு என்ன ஆயிற்று என்பதை அவர் அளந்தார். மோதப்பட்ட அணுவுக்கு என்ன ஆயிற்று என்பதை அவருடைய கருவி காட்டவில்லை. எலக்ட்ரானைப் பற்றிச் செல்வதும், எலக்ட்ரானை வெளியே தட்டிவிடுவதும் வேறு வேறு நிகழ்வுகள். முன்னதில் விரைவான நடுநிலை அணு ஒன்றும் மெதுவான அயனி ஒன்றும் மிஞ்சும். பின்னதில் புரோட்டான் தன் வழியே போய்விட, மெதுவான அயனியும் கட்டற்ற எலக்ட்ரானும் மிஞ்சும். இரண்டாவதைத்தான் அயனியாக்கம் என்கிறோம். இரண்டிலுமே மெதுவான அயனி பிறக்கிறது என்பதுதான் அளப்பவருக்கு இடைஞ்சல்.

பின்வந்தவர்கள் இரட்டைப் பதிவு முறையில் கணக்கை முடித்தார்கள். கதிரின் பாதைக்கு இருபுறமும் இரண்டு தகடுகளை வைத்து, ஒன்றில் மெதுவான அயனிகளையும் மற்றதில் எலக்ட்ரான்களையும் சேகரித்தார்கள். அயனிகளின் எண்ணிக்கை இரண்டு நிகழ்வுகளின் கூட்டுத்தொகை. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அயனியாக்கத்தை மட்டும் காட்டுவது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பரிமாற்றத்தின் அளவு கிடைத்துவிடும். அணு ஹைட்ரஜனையே இலக்காக வைத்து இவற்றை அளப்பது 1950-களின் பிற்பகுதியில்தான் கைகூடியது. ஹைட்ரஜன் இயல்பில் இரட்டை அணுவாகவே இருப்பதால், அதைப் பிரித்து, பிரிந்தது மீண்டும் சேர்வதற்குள் அதன் மேல் புரோட்டான் கற்றையைச் செலுத்த வேண்டியிருந்தது. 1980-களில் பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே மோதலில் பிறந்த அயனியையும் எலக்ட்ரானையும் ஒருசேரப் பதிவுசெய்து இந்த அளவீட்டை மிக நுட்பமாக்கினார்கள்.

இந்த அளவீடுகளிலிருந்து தெளிவான ஒரு சித்திரம் கிடைத்தது. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். 25,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட புரோட்டானின் வேகமும் அதுவே. புரோட்டான் அதைவிட மெதுவாக வந்தால் எலக்ட்ரானைத் தன்னுடன் அழைத்துச் செல்ல அவகாசம் கிடைக்கிறது, பரிமாற்றமே மேலோங்குகிறது. வேகம் கூடக் கூடப் பரிமாற்றம் செங்குத்தாகச் சரிந்து, அயனியாக்கம் முன்னுக்கு வருகிறது. வீனின் குழாய்கள் இயங்கியது சில பத்தாயிரம் வோல்ட்டில். அதாவது, இரண்டு நிகழ்வுகளும் போட்டியிடும் எல்லைக்கு அருகிலேயே. அவருடைய கதிர் தூய்மையானதன்று. அதில் பல வேகங்கள், பல வகை அயனிகள் கலந்திருந்தன. ஆகவே அவர் தந்த எண்கள் இன்று பயன்பாட்டில் இல்லை. கேள்வியும் அதை அளக்கும் வழியும் மிஞ்சியிருக்கின்றன.

1920-களில் ரூதர்போர்டு இதே சிக்கலை ஆல்பா துகளில் சந்தித்தார். அதுவும் எலக்ட்ரானைப் பற்றி, இழந்து, மீண்டும் பற்றிச் செல்வதை 1924-இல் விரிவாக அளந்து வெளியிட்டார். நார்வே வானத்துத் துருவ ஒளியில் ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளை வேகார்டு 1939-இல் கண்டார். சூரியனிலிருந்து வந்த புரோட்டான்கள் நம் வளிமண்டலத்தின் எலக்ட்ரான்களைப் பற்றிக்கொண்டு ஒளிர்ந்த தடயம் அது. 1996-இல் ஹயாகுடாகே வால்மீன் எக்ஸ் கதிர் வீசுவதைக் கண்டு வானியலாளர்கள் திகைத்தார்கள். சூரியக் காற்றின் அயனிகள் வால்மீனின் வாயுவிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிப்பதே காரணம் என்று பின்னர் விளங்கியது. பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் அணுக்கரு இணைவு உலையில், காந்தச் சுவரைக் கடந்து பிளாஸ்மாவுக்குள் நுழைய மின்னூட்டமற்ற துகள்களே ஏற்றவை. அயனிகளை முடுக்கி, வாயுவின் வழியே செலுத்தி, நடுநிலையாக்கி உள்ளே அனுப்புவதே அங்குள்ள முறை. அந்த உலைக்கான, பிளாஸ்மாவைச் சோதித்தறியும் நடுநிலைக் கற்றையை வழங்கும் பொறுப்பு இந்தியாவினுடையது. கற்றையில் எத்தனை பங்கு நடுநிலையாகும் என்பது, வீன் கேட்ட அதே விகிதக் கணக்கு.

வூர்ட்ஸ்பர்க் ஆண்டுகளே அவர் வாழ்வின் வளமான காலம். ஆகனில் இருந்தபோது 1898-இல் லூயிஸ் மேலரை மணந்திருந்தார், நான்கு பிள்ளைகள். லைப்சிக்கும் பெர்லினும் அழைத்தும் அவர் வூர்ட்ஸ்பர்க்கை விட்டுப் போகவில்லை. 1906 முதல் பிளாங்குடன் சேர்ந்து 'அன்னாலன் டெர் பிசிக்' இதழின் ஆசிரியராகப் பொறுப்பேற்றார். 1912-ஆம் ஆண்டு நோபல் பரிசை ஐன்ஸ்டைனுக்கும் லோரன்ட்ஸுக்கும் சார்பியலுக்காகப் பகிர்ந்தளிக்கலாம் என்று பரிந்துரைத்தவர்களில் அவரும் ஒருவர். அது எல்லோருக்கும் துணிவு வராத காலம். 1913-இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்.

அடுத்த ஆண்டு போர் வந்தது. பெல்ஜியத்தில் ஜெர்மன் படைகள் இழைத்த கொடுமைகளை மறுத்து 93 அறிஞர்கள் 1914 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் வீனும் கையொப்பமிட்டார். பிளாங்கும் ரோண்ட்கனும் கையொப்பமிட்டவர்கள்தாம். வீன் அதற்கும் ஒருபடி மேலே சென்றார். ஜெர்மன் இயற்பியலாளர்கள் ஆங்கிலேயரின் ஆய்வுகளுக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தருகிறார்கள், மேற்கோள் காட்டுவதிலும் வெளியிடுவதிலும் அந்தச் செல்வாக்கை அகற்ற வேண்டும் என்ற வேண்டுகோளைச் சக ஆய்வாளர்களிடையே சுற்றுக்கு விட்டார். கால்வாய்க் கதிர் ஆய்வில் முதல் அடி தன்னுடையதாக இருக்க, உலகம் தாம்சனின் பெயரையே சொன்னது அவரைப் புண்படுத்தியிருக்கலாம் என்பது என் ஊகம். அந்த மனக்குறையில் நியாயம் இருந்திருக்கலாம், வேண்டுகோளில் இல்லை. அவர் ஈடுபட்ட துறையே வூர்ட்ஸ்பர்க்கும் கேம்பிரிட்ஜும் ஒன்றின் முடிவை மற்றது எடுத்துக்கொண்டு வளர்த்தது. அந்தப் போக்குவரத்தை ஒருதலையாக அடைக்க நினைத்தவர், அதன் பயனை அனுபவித்தவர்களில் ஒருவர். அவர் வாழ்வில் எனக்கு ஒப்புதல் இல்லாத பகுதி இது. சமாதானம் சொல்லி மூடிவிடவும் மனம் வரவில்லை.

1920-இல் மீண்டும் ரோண்ட்கனின் இடத்துக்கே, இம்முறை மியூனிக் நகருக்கு, வந்தார். அங்குதான் அவருடைய மிக நேர்த்தியான சோதனைகள் தொடர்ந்தன. அதற்குள் புதிய வகை வெற்றிட எக்கிகள் வந்துவிட்டிருந்தன. மின்னிறக்கக் குழாய்க்கும் நோக்கும் அறைக்கும் இடையில் மிகக் குறுகிய பிளவை வைத்து, மறுபக்கத்தை இடைவிடாமல் உறிஞ்சி, கதிரை உயர்வெற்றிடத்துக்குள் பாயவிட்டார். அங்கே மோத அணுக்கள் இல்லை. ஆகவே புதிதாக ஒளிரத் தூண்டுதலும் இல்லை. பிளவைக் கடந்த அணுக்கள் தாம் கொண்டுவந்த ஒளியைச் சிறிது சிறிதாகச் செலவழித்து மங்கின. மங்கும் நீளத்தை வேகத்தால் வகுத்தால், அணு தூண்டப்பட்ட நிலையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பது தெரிந்துவிடும். விடை, நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் வந்தது. நொடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் அணு அந்த நேரத்தில் கடப்பது ஐந்து மில்லிமீட்டர். எந்தக் கடிகாரத்துக்கும் எட்டாத காலத்தை அவர் அளவுகோலால் அளந்துவிட்டார்.

சோதனையில் இத்தனை ஊறியவருக்கு, சோதனை அறியாத கோட்பாட்டாளர்மேல் பொறுமை குறைவாக இருந்ததில் வியப்பில்லை. 1923 ஜூலையில் ஹைசன்பர்க் என்ற 21 வயது மாணவர் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வந்தார். கோட்பாட்டில் மேதை என்று சோமர்ஃபெல்டால் போற்றப்பட்டவர். வீன் அவரிடம் குறுக்கீட்டுமானியின் பிரிதிறனையும், நுண்ணோக்கியின் பிரிதிறனையும், சேமிப்பு மின்கலம் இயங்கும் விதத்தையும் கேட்டார். ஒன்றுக்கும் சரியான விடை வரவில்லை. வீன் தோல்வி என்றார். சோமர்ஃபெல்ட் முதல் தரம் என்றார். இரண்டும் சமரசமாகி மூன்றாம் தரம் கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் வீனைக் குறுகிய மனத்தினராகக் காட்டுவதுண்டு. நான்கு ஆண்டுகள் கழித்து, புகழ்பெற்ற நிச்சயமின்மைக் கொள்கையை விளக்க ஹைசன்பர்க் எடுத்துக்கொண்ட கற்பனைச் சோதனை ஒரு நுண்ணோக்கிதான். அதில் அவர் பிரிதிறன் பற்றிய இடத்தில் இடறினார், திருத்தியவர் போர். தேர்வாளர் கேட்ட கேள்வி வீண் கேள்வியாக இருக்கவில்லை.

ஆனால் 1926 கோடையில், மியூனிக்கில் ஷ்ரோடிங்கர் தன் அலைக் கொள்கையை விளக்கியபோது, எழுந்து ஐயம் எழுப்பிய ஹைசன்பர்க்கை வீன் கடிந்து அமர்த்தியதும் நடந்தது. குவாண்டம் தாவல் போன்ற பேச்சுக்கெல்லாம் இனி இடமில்லை என்ற பொருள்பட அவர் பேசியதாக ஹைசன்பர்க் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அலைக் கொள்கைக் கட்டுரைகள் வெளிவந்தது வீன் ஆசிரியராக இருந்த இதழில்தான். ஐயம் எழுப்பியவர் சொன்னதில் பொருள் இருந்தது என்பதைக் காலம் காட்டியது. அந்த ஆண்டுகளில் வீன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார்.

மியூனிக்கில் அவருடைய மாணவர் ரூசார்ட், கால்வாய்க் கதிர்களின் மோதலிடைத் தூரங்களை ஆசிரியரின் முறையிலேயே தொடர்ந்து அளந்துவந்தார். துறை முழுவதையும் தொகுத்து வீன் எழுதிய பெருநூலின் இரண்டாம் பதிப்பு 1923-இல் வெளிவந்தது. 1928 ஆகஸ்ட் 30-ஆம் நாள், 64-ஆம் வயதில், அவர் மியூனிக்கில் காலமானார். விரைந்து செல்லும் நேர்மின் துகள் எலக்ட்ரானைப் பற்றும் நிகழ்வைப் புதிய குவாண்டம் கொள்கையின்படி கணக்கிட்டு, ஓப்பன்ஹைமர் என்ற 23 வயது அமெரிக்கர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டதும் அதே 1928-இல்தான். வீன் எழுதிவைத்திருந்த தன்வரலாறு, அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து நூலாக வந்தது.